சூத்திரத்தில் விடுபட்டது

நுவரெலியா பஸ் நிலையத்தில் ராகலை பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகுதான் டெல்சி அந்தக் கட்டுரையைப் பார்த்தாள். ஐரோப்பியச் சஞ்சிகை ஒன்றின் இணையப் பக்கத்தில் அன்று காலை அது வெளியாகியிருந்தது. தொகையிடத்தக்க குவாண்டம் புலக் கோட்பாடுகளில் வெப்பத் தொடர்புகள். அந்தத் தலைப்பை வைத்தவளே அவள்தான். தலைப்புக்குக் கீழே ஒரேயொரு பெயர் இருந்தது: பேராசிரியர் தவநேசன். பல்கலைக்கழகத்தில் அவளுடைய ஆய்வுக்கு மேற்பார்வையாளர்.

போன் திரையை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அவள் வரைந்த வளைகோடுகள். அவள் கணித்த அட்டவணை. அவள் தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் எழுதி, அவர் ஒரேயொரு சொல்லைத் திருத்திக் கொடுத்த அதே வாக்கியம். கடைசிப் பக்கத்தில், உசாத்துணைப் பட்டியலுக்குச் சற்று மேலே, 'கணிப்புகளில் உதவிய செல்வி டி. இக்னேசியஸுக்கு நன்றி' என்று ஒரு வரி.

"தங்கச்சி, ஒடம்புக்கு முடியலையா? மொகமெல்லாம் செவந்து கெடக்கு," என்று பக்கத்தில் லீக்ஸ் மூட்டையோடு உட்கார்ந்திருந்த பெண் கேட்டார்.

"இல்லங்க. கோவமா இருக்கேன்," என்றாள் டெல்சி.

அந்தப் பெண் மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

டெல்சி பிறந்தது உடப்புசல்லாவை ஆர்ட்வெல் தோட்டத்தின் மேல் பிரிவில். அப்பா இக்னேசியஸ் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். யாரிடமும் குரலை உயர்த்தாதவர். அம்மா மரியநாயகி மலையில் கொழுந்து பறித்தவர். அவருடைய குரல் கீழ்ப் பிரிவு வரைக்கும் கேட்கும். பிள்ளை அம்மாவைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் சொல்வார்கள். சொல்பவர்களை டெல்சி முறைத்துப் பார்ப்பாள்.

தோட்டத்துப் பள்ளியில் கணிதப் பிரிவு இல்லாததால் நுவரெலியாவில் சித்தி வீட்டில் தங்கி உயர்தரம் படித்தாள். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானாள். தெரிவான செய்தி அவளுக்குக் கிடைக்கத்தான் பெரும்பாடு. லயத்து வீடுகளுக்கு முகவரி கிடையாது. எந்தத் தபாலும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும், அங்கே யாருக்காவது நினைவு வந்தால் கொடுத்தனுப்புவார்கள். பதிவுக்கான கடைசி நாள் நெருங்கியும் கடிதம் வரவில்லை. மரியநாயகி வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்குப் போகாமல் நேராக ஆபீசுக்குப் போய், மேசை மேல் கிடந்த தபால் கட்டை அவிழ்த்துக் கொட்டி, மகளின் பெயர் இருந்த உறையைத் தானே பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்தார். கிளாக்கர் கத்தியதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அன்றைய பேரை, அதாவது நாட்சம்பளத்தை, அவருக்கு வெட்டினார்கள்.

பௌதிகத்தில் சிறப்புப் பட்டம் வாங்கிய பிறகு டெல்சி ஆய்வுப் பட்டத்துக்குப் பதிந்தாள். கோட்பாட்டுப் பௌதிகத்துக்கு மேற்பார்வை செய்ய யாரும் முன்வராதபோது வா என்று சொன்னவர் தவநேசன். இதை டெல்சி எந்தக் காலத்திலும் மறைத்ததில்லை. மாலை நேரங்களில் விரிவுரைகள் முடிந்த பிறகு, கரும்பலகைக்கு முன்னால் நின்று, தனக்கே மறந்துபோன கணக்குகளைத் திரும்பப் படித்துக்கொண்டு வந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். மண்ணெண்ணெயும் டீசலும் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற வருடத்தில், விடுதி மூடியபோது, தன் வீட்டுப் பின்னறையில் மனைவியோடும் மகள்மாரோடும் அவளைத் தங்கவைத்தார். அதனால்தான் இந்தக் கோபம் சாதாரணக் கோபமாக இல்லை. ஊர் பேர் தெரியாத ஒருவர் திருடியிருந்தால் டெல்சி திட்டிவிட்டுப் போயிருப்பாள்.

ஆய்வு எதைப் பற்றியது என்று கேட்டால் மட்டும் அவள் பொறுமையாகப் பதில் சொல்வாள். ஒரே கோட்டில் முன்னும் பின்னும் மட்டும் ஓடக்கூடிய துகள்களை நினைத்துக்கொள்ளுங்கள் என்பாள். பொதுவாகத் துகள்கள் மோதினால் வேகம் மாறும், புதிய துகள்கள் பிறக்கும், எல்லாம் கலங்கிப்போகும். சில கோட்பாடுகளில் மட்டும் அப்படி நடப்பதில்லை. எத்தனை துகள்கள் மோதினாலும் மோதலுக்குப் பிறகு அதே வேகங்கள்தான் மிஞ்சும். ஒவ்வொன்றும் போய்ச்சேரும் நேரம் மட்டும் கொஞ்சம் முன்பின்னாக நகரும். இந்தக் கண்டிப்பான ஒழுங்கினால் அவற்றுக்கு அண்ணளவு இல்லாமல் விடை காண முடிகிறது. அவைதான் தொகையிடத்தக்க கோட்பாடுகள். இப்போது அந்தக் கோட்டைச் சூடாக்குங்கள். எங்கு பார்த்தாலும் துகள்கள் பறக்கும். ஓரிடத்தில் லேசாகத் தட்டினால், சற்றுத் தள்ளி வேறோர் இடத்தில், சற்று நேரம் கழித்து, அந்தத் தட்டல் எவ்வளவு தெரியும்? அந்த எவ்வளவு என்பதுதான் வெப்பத் தொடர்பு.

கேள்வி சுலபம். கணக்கில்தான் மாட்டிக்கொள்வோம். முதலில் ஒரு துகளின் பங்கைக் கூட்ட வேண்டும், பிறகு இரண்டு துகள்களின் பங்கு, பிறகு மூன்று. உள்ளே வரும் துகளும் வெளியே போகும் துகளும் ஒரே வேகத்தில் இருக்கிற இடங்களில் விடை முடிவிலியாக வெடிக்கும். ஒரு முடிவிலியை இன்னொரு முடிவிலி வெட்டிக்கொள்ளும். வெட்டிய பிறகு அடியில் கொஞ்சம் மிஞ்சும். அந்த மிச்சம்தான் நமக்கு வேண்டிய விடை. அவசரக்காரர்கள் முடிவிலியோடு சேர்த்து மிச்சத்தையும் துடைத்துவிடுவார்கள்.

தவநேசன் துடைத்திருந்தார். அதைத்தான் டெல்சி பஸ்ஸிலேயே, ராகலைக்கு முந்திய வளைவுகளில், கட்டுரையை இரண்டாம் முறை படித்தபோது கண்டுபிடித்தாள். இரண்டு துகள்களின் பங்கு சரியாக வரவில்லை, ஏதோ விடுபடுகிறது என்று அவள் அவரிடம் பலமுறை சொல்லியிருந்தாள். சூடான எதற்கும் சக்தியை வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் இடையில் ஒரு விகிதம் உண்டு. அதை வெப்பநிலைதான் தீர்மானிக்கும். எந்தக் கோட்பாடும் அதை மீற முடியாது. அவர்களுடைய சூத்திரம் மீறியது. பொறுங்கோ, பார்ப்பம் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், பார்க்காமலே அனுப்பியிருந்தார்.

ஆக, அவளுடைய வேலையை அவள் பெயர் இல்லாமல் போட்டிருந்தார். போட்டதையும் பிழையாகப் போட்டிருந்தார். இதில் எது தன்னை அதிகமாக எரிக்கிறது என்று டெல்சிக்கே தெரியவில்லை.

வீட்டுக்குப் போய் ஒரு நாள் கூட நிற்காமல் திரும்பிப் போனாள். தவநேசன் தன் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"சேர், என் பேரு எங்க?"

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. பேனாவை மூடி வைத்தார். "இருங்கோ டெல்சி. நன்றி போட்டிருக்கிறன், பார்த்தனீங்கள்தானே?"

"உதவிக்கு நன்றின்னு போட்டிருக்கீங்க. யாரு சேர் உதவுனது? கணக்கு நான் போட்டேன். படம் நான் போட்டேன். நீங்கதான் எனக்கு உதவுனீங்க."

"பிரச்சினையைத் தந்தது நான். அதை மறக்கக்கூடாது. மேற்பார்வை எண்டா என்னெண்டு நினைக்கிறீங்கள்?"

"ரெண்டு பேரு போட்டா காகிதம் கிழிஞ்சிருமா சேர்?"

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் இறங்கியிருந்தது. "உண்மையைச் சொல்லுறன். பதவி உயர்வுக்குத் தனிப்பெயரில ஒரு கட்டுரை காட்டவேணும். வருசக்கணக்கா இழுபடுது. உங்களுக்கு முன்னுக்கு நிறையக் காலம் கிடக்கு. அடுத்ததில உங்கட பெயரை முதலாவதாப் போடுவன். என்ர பிள்ளையள் மாதிரித்தானே உங்களைப் பார்த்தனான்?"

இவ்வளவு அற்பமான காரணமாக இருக்கும் என்று டெல்சி எதிர்பார்க்கவில்லை. வழியெல்லாம் பெரிய பெரிய காரணங்களை யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். தன்னை மட்டம் தட்ட நினைத்தார், தோட்டத்துப் பிள்ளை கேட்கவா போகிறாள் என்று நினைத்தார், என்றெல்லாம். அவர் எதையுமே நினைக்கவில்லை. அவருக்கு ஒரு படி ஏற வேண்டியிருந்தது, பக்கத்தில் அவள் இருந்தாள்.

"ஒங்க புள்ளைங்க செஞ்சிருந்தா அவங்க பேர எடுத்திருப்பீங்களா?"

அவர் விடைத்தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

"அந்த ரெண்டாவது பங்கு தப்பு சேர். நான் சொன்னேன். திருத்தி போடுங்க. என் பேர போடாட்டியும் பரவால்ல, அதயாச்சும் திருத்துங்க."

"அது பிழையில்லை. முடிவிலியைக் கழிக்கிறதுக்குப் பல முறையள் இருக்கு. நான் எடுத்தது ஒரு முறை."

"முறையில்ல சேர், அவசரம்."

அதற்கு மேல் அவர் தாங்கவில்லை. "வெளியில போங்கோ," என்றார். டெல்சி போனாள். போகும்போது சாத்தியிருந்த கதவைத் திறந்து, அப்படியே அகலமாக விட்டுவிட்டுப் போனாள். பல்கலைக்கழகப் பீடத்தில் முறைப்பாடு கொடுத்தாள். விசாரிப்பதாகச் சொன்னார்கள். விசாரித்தவர்களில் இருவர் தவநேசனோடு ஒன்றாகப் படித்தவர்கள். 'தகவல் தொடர்பில் ஏற்பட்ட மனத்தாங்கல்' என்று முடித்து வைத்தார்கள். அந்தச் சொற்களை வாசித்த அன்று அவள் பதிவை ரத்துச் செய்துவிட்டு ஊருக்கு வந்தாள்.

வீட்டில் அவளுக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. "போய் அந்த சேர்கிட்ட ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டுரு புள்ள. பெரிய எடத்து ஆளுங்க," என்றார் அப்பா. அம்மா அடுப்படியை விட்டு வெளியே வராமலே பாத்திரங்களை உருட்டினார். பிறகு ஒருமுறை வெடித்தார்.

"பட்டம் கையில வர்ற வரைக்கும் வாய மூடிக்கிட்டு இருக்க முடியலியா ஒனக்கு?"

"நீ இருந்திருப்பியாம்மா? தபால் கட்ட அவுத்து கொட்டுனது யாரு?"

"நான் கொழுந்து பறிச்சவடி! எனக்கு போறதுக்கு என்னா இருந்துச்சு? ஒரு நாள் பேரு போச்சு, அவ்வளவுதான். ஒனக்கு எவ்வளவோ இருந்துச்சே! எல்லாத்தையும் ஒரு கதவ தொறந்து போட்டுட்டு வந்துட்டேன்னு சொல்றியே!"

 அம்மா சொன்னது சரியாக இருந்ததால் டெல்சிக்கு இன்னும் கோபம் வந்தது. அந்த மாதம் முழுக்க இருவரும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள்.

உடப்புசல்லாவைக்குப் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்க இடம் கிடைத்தது. அங்கே கணிதம் படிப்பித்த ஷாமிலா அவளுக்குக் கூட்டாளியானாள். டெல்சி தன் கதையைச் சொன்னபோது ஷாமிலா ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. "அது தப்புன்னு சொல்றியே, எங்க தப்புன்னு காட்டுவியா?" என்று கேட்டாள்.

அதற்கும் டெல்சிக்குக் கோபம்தான் வந்தது. ஏனென்றால் அவளால் காட்ட முடியவில்லை. விகிதம் மீறப்படுகிறது என்பது தெரியும். விடுபட்டது எது என்பது தெரியாது. ஒரு வீட்டில் திருட்டுப் போயிருக்கிறது என்று தெரிந்து, என்ன போனது என்று சொல்ல முடியாமல் நிற்பதைப் போல இருந்தது.

ஞாயிறு பூசை முடிந்து வந்தால் ஷாமிலாவின் மடிக்கணினியோடு உட்கார்ந்துவிடுவாள். முடிவிலா நீளமான கோட்டில் கணக்குப் போடுவதால்தானே முடிவிலி வருகிறது? கோட்டை ஒரு பெட்டிக்குள் அடைத்தாள். பெட்டிக்கு ஒரு நீளம் உண்டு. அதற்குள் துகள்கள் நினைத்த வேகத்தில் ஓட முடியாது, குறித்த சில வேகங்கள்தான் அனுமதி. அங்கே எதுவும் வெடிக்காது. ஒவ்வொன்றையும் நிதானமாக எண்ணிக் கூட்டலாம். கூட்டி முடித்த பிறகு பெட்டியை நீட்டிக்கொண்டே போக வேண்டும். நீளத்தோடு சேர்ந்து வளரும் பகுதிகள் ஒன்றையொன்று வெட்டி மறையும். வளராமல் நிற்பது எதுவோ அதுதான் விடை.

சொல்லும்போது இரண்டு நிமிட வேலை. செய்யும்போது மழைக்காலம் இரண்டு போனது. அடைமழையில் மின்சாரம் போய்விடும்; கணினி ஓட்டிக்கொண்டிருந்த கணிப்பு பாதியில் செத்துவிடும். டெல்சி மின்சார சபையைத் திட்டுவாள், கணினியைத் திட்டுவாள், தவநேசனைத் திட்டுவாள். ஒருநாள் பாடசாலை இடைவேளையில், தேநீர் ஆறிக்கொண்டிருக்க, அவள் திடீரென்று மேசையில் அறைந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் திடுக்கிட்டுப் பார்த்தார்கள்.

"ரெண்டு துகளும் ஒரே வேகத்துல வர முடியாது," என்றாள்.

"சரி?" என்றாள் ஷாமிலா.

"பெட்டிக்குள்ள அது நடக்கவே நடக்காது. கூட்டும்போது அந்த எடத்த விட்டுட்டுத்தான் கூட்டணும். அவரு விடல. அந்த மூலையையும் சேத்து கூட்டிட்டு, அது வெடிச்சோன்ன ஒட்டுமொத்தமா தொடச்சிட்டாரு. தொடச்சதுலதான் அது இருக்கு!"

விடுபட்ட பகுதியைச் சேர்த்ததும் வாங்கும் கொடுக்கும் விகிதம் கோடு போட்டதைப் போல ஒத்துவந்தது. ஷாமிலா அன்றைக்குச் சிரித்தாள். டெல்சி சிரிக்கவில்லை. "அங்கயே இருந்திருந்தா ஒரு வாரத்துல முடிச்சிருப்பேன்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

சஞ்சிகைக்கு ஒரு குறுங்கட்டுரை எழுதினாள். அனுப்பும் பக்கத்தில் நிறுவனத்தின் பெயர் கேட்டது. வெறுமையாக விட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. அதிபர் கந்தப்பனிடம் பாடசாலையின் பெயரைப் போடலாமா என்று கேட்டாள்.

"என்னா டீச்சர், சண்ட போடுற கட்டுரைங்கிறீங்க. நாளைக்கு மேலிடத்துல கேட்டா நான் என்னா பதில் சொல்றது?"

"சண்டயில்ல சேர். கணக்கு."

"கணக்குன்னா ஏன் டீச்சர் இவ்வளவு கோவமா கேக்கறீங்க?"

டெல்சி வீட்டுக்கு வந்து, நிறுவனம் என்ற இடத்தில் 'மேல் பிரிவு, ஆர்ட்வெல் தோட்டம், உடப்புசல்லாவை' என்று எழுதினாள். சஞ்சிகை அலுவலகத்திலிருந்து மரியாதையான மின்னஞ்சல் வந்தது: இது ஒரு தேயிலை நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவா? அவள் பதில் எழுதினாள்: இல்லை. இது நான் பிறந்த இடம். இங்கே வீடுகளுக்கு இலக்கம் கிடையாது. நான் எங்கேயிருந்து எழுதுகிறேன் என்று கேட்டீர்கள், எழுதிவிட்டேன். கணக்கு பிழையென்றால் அதைச் சொல்லுங்கள். அவர்கள் அதற்குப் பிறகு முகவரி பற்றிக் கேட்கவில்லை.

வழக்கப்படி தவநேசனின் பதிலையும் வாங்கினார்கள். அதை அவர், 'இந்தக் கட்டுரையின் ஆசிரியர் பட்டக் கற்கையை இடையில் கைவிட்ட ஒரு மாணவி' என்று தொடங்கியிருந்தார். டெல்சி அந்த வரியைப் படித்துவிட்டு வெளியே போய், கொல்லையில் போட்டிருந்த போஞ்சி அவரைப் பாத்தியை மண்வெட்டியால் கொத்தோ கொத்தென்று கொத்தினாள். கொத்த வேண்டிய பாத்தி அல்ல அது. நட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அம்மா வாசலில் நின்று பார்த்தார். 

அதைவிடப் பெரிய அடி மதிப்பீட்டாளரிடமிருந்து வந்தது. பெயர் தெரியாத அந்த மனிதர் அவள் சொன்ன அடிப்படை சரி என்று எழுதியிருந்தார். ஆனால் அவளுடைய இறுதிச் சூத்திரத்திலும் ஓரிடத்தில் குறி மாறியிருக்கிறது, கூட்டல் வரவேண்டிய இடத்தில் கழித்தல் வந்திருக்கிறது. விகிதச் சோதனையில் அந்த இடம் தெரியாது; நீண்ட நேர எல்லையில்தான் தெரியும். டெல்சி சரிபார்த்தாள். உண்மைதான். அவசரக்காரர் என்று அவள் யாரைத் திட்டினாளோ அவரைப் போலவே அவளும் அவசரப்பட்டிருந்தாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. ஷாமிலா போன் எடுத்தபோது, "என்கிட்ட பேசாத, நான் ஒரு முட்டாள்," என்று சொல்லித் துண்டித்தாள். பிறகு முதல் வரியிலிருந்து எல்லாவற்றையும் திரும்பப் போட்டாள். போட்டதை வேறொரு வழியில் இன்னொரு முறை போட்டாள். இந்த முறை ஷாமிலாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு குறியையும் வாய்விட்டுச் சொல்லி, அவள் சரியென்று தலையாட்டிய பிறகுதான் அடுத்ததற்குப் போனாள்.

கட்டுரை வெளியானது. டெல்சி இக்னேசியஸ், ஆர்ட்வெல் தோட்டம். நன்றியில் ஷாமிலாவின் பெயர் இருந்தது, அவள் என்ன செய்தாள் என்ற விபரத்தோடு.

செய்தி எப்படியோ பரவி, டவுனிலிருந்து லோஜன் என்ற ஊடகக்காரர் கேமராவோடு லயத்துக்கு வந்தார். இணையத்தில் ஒரு சேனல் நடத்துபவர். கட்டுரையைப் பற்றிக் கேட்பார் என்று டெல்சி தயாராக இருந்தாள். துகள்கள், கோடு, சூடு எல்லாவற்றையும் சுலபமாகச் சொல்வதற்கு மனதுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தாள்.

"மிஸ், அதெல்லாம் நம்ம சனத்துக்கு வெளங்காது," என்றார் லோஜன். "அம்மா கொழுந்துக் கூடையோட மலையில நிப்பாங்க. நீங்க பக்கத்துல பொஸ்தகத்தோட. அப்புடி ஒரு ஷாட். சூப்பரா இருக்கும்."

"எந்தச் சனத்துக்கு வெளங்காது? நான் யாரு? நம்ம சனமில்லையா?"

"கோவிச்சுக்காதீங்க மிஸ்…"

அப்போது மரியநாயகி உள்ளேயிருந்து வந்தார். "தம்பி, கூடைய விட்டு எத்தன வருஷமாச்சு? இப்ப எல்லாம் சாக்குப் பைதான். எந்தக் காலத்து படம் புடிக்க வந்தீங்க? நானும் மலைய விட்டு எறங்கிட்டேன். எம்மக கணக்கு போட்டிருக்கா. புடிக்கிறதுன்னா அந்தக் கணக்க புடிங்க. இல்லாட்டி கேமராவ மூடுங்க."

லோஜன் கேமராவை மூடினார். இரண்டு நாள் கழித்து அவருடைய சேனலில் ஒரு காணொளி வந்தது. வேறு யாரோ ஒரு பெண் கூடையோடு நிற்கும் பழைய படத்தைப் போட்டு, 'கொழுந்துக் கூடையிலிருந்து குவாண்டம் வரை' என்று தலைப்பு வைத்திருந்தார். பாடசாலையில் எல்லோரும் அதைக் காட்டி டெல்சியை வாழ்த்தினார்கள். அவள் வாழ்த்தியவர்களோடும் சண்டை போட்டாள். ஆனால் அன்று மாலை, தூக்கத்திலிருந்து எழுந்த குழந்தையைப் போல அம்மாவுக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மா தள்ளிவிடவில்லை.

தவநேசன் சஞ்சிகையில் ஒரு திருத்தம் போட்டார். 'இரண்டாவது பங்கில் இருந்த விடுபாட்டைச் சுட்டிக்காட்டிய ஒரு வாசகருக்கு நன்றி.' வாசகர்! அதற்குள் அவருக்குப் பதவி உயர்வும் கிடைத்துவிட்டது. அதை யாரும் திருப்பி வாங்கவில்லை.

டெல்சி வேறொரு பல்கலைக்கழகத்தில் மறுபடி பதிந்தாள். இந்த முறை மேற்பார்வையாளர் கலாநிதிப் பட்டம் பெற்ற சந்திமா என்ற சிங்களப் பெண். முதல் சந்திப்பிலேயே டெல்சி, "யார் பெயர் எங்கே வரும் என்று இப்போதே பேசிவிடலாமா?" என்று சிங்களத்தில் கேட்டாள். சந்திமா ஒரு கணம் புருவத்தை உயர்த்தினார். பிறகு, "உட்கார். பேசலாம்," என்றார்.

போன வருடம் கொழும்பில் பௌதிகவியலாளர்களின் ஆண்டுக் கூட்டத்தில் டெல்சி பேசினாள். முதன்முறையாகப் பெரிய சபை. பயத்தை மறைக்கச் சத்தமாகப் பேசினாள். பெட்டி, மூலை, விடுபட்ட பகுதி என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்தபோது கைதட்டினார்கள். கேள்விகள் கேட்டார்கள். எல்லாம் மேலோட்டமான கேள்விகள். பின் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. தவநேசன். அவர் வந்திருந்ததை அவள் அதுவரை கவனிக்கவில்லை. தலை நன்றாக நரைத்திருந்தது.

அவர் எழுந்து நின்று, மூன்று துகள்கள் வரும்போது பெட்டிக்குள்ளேயே இரண்டு மூலைகள் ஒன்றோடொன்று உரசும் இடம் இருக்கிறதே, அங்கே இந்த முறை தாங்குமா என்று கேட்டார்.

 அன்றைக்குக் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே அதுதான் நல்ல கேள்வி. மூன்று வருடமாக அவள் மனதில் திட்டித் தீர்த்த மனிதர் அவள் யோசிக்காத ஒன்றை யோசித்திருக்கிறார். இந்த ஆள் ஏன் அன்றைக்கு இப்படி உட்கார்ந்து யோசிக்கவில்லை? ஒரே ஒரு வாரம் யோசித்திருந்தால் கட்டுரை சரியாக வந்திருக்கும், இரண்டு பெயரோடு வந்திருக்கும், அவள் இன்னும் அந்தக் கரும்பலகைக்கு முன்னால்தான் நின்றிருப்பாள். 

"தெரியாது," என்றாள். ஒலிவாங்கியில் அவள் மூச்சு கேட்டது. "இனித்தான் பார்க்க வேண்டும். பார்த்து எழுதும்போது, இந்தக் கேள்வியைக் கேட்டவர் பேராசிரியர் தவநேசன் என்று பெயரைப் போட்டே எழுதுவேன். செய்தவர் பெயரைப் போட வேண்டும் அல்லவா?"

சபையில் பெரும்பாலானோருக்கு அது ஒரு மரியாதைப் பேச்சாகத்தான் பட்டது. ஒரு சிலர் குனிந்து தங்கள் காகிதங்களைப் பார்த்தார்கள். தவநேசன் கொஞ்ச நேரம் நின்றபடியே இருந்துவிட்டு உட்கார்ந்தார். தேநீர் இடைவேளையில் அவர் தட்டோடு அவள் பக்கம் வந்தார். அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு வெளியே வராந்தாவுக்குப் போனாள். வீட்டுக்குப் போன் எடுத்தாள்.

"அந்தாள பாத்தியா?" என்று அம்மா எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

"பாத்தேன்."

"என்னா சொன்னே?"

டெல்சி சொன்னாள்.  மறுமுனையில் தூரத்தில் யாரோ நாயை விரட்டுவது கேட்டது.

"அது பத்தாதுடி," என்றார் மரியநாயகி.

"தெரியும்மா," என்றாள் டெல்சி.